ஏகாம்பரத்துக்கு ஓர் இலை

மழைக்கு என்ன வந்தது, அதற்குக் கடனா உடனா? மார்கழி பிறந்த நாளிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. மலாக்காவில் காஜா பெராங் சந்துகளில் செம்மண் தண்ணீர் கணுக்காலுக்கு ஏறி நின்றது. கோழி கூட இறங்கத் தயங்கும் சேறு என்று சொல்லலாம், ஆனால் அந்த வருஷம் கோழி ஏது? ஜப்பான்காரன் வந்து மூன்றாவது மார்கழி அது. கோழி, வாத்து, முட்டை எல்லாம் பட்டாளத்துக்கும் வயிற்றுக்குமாகப் போய்ச் சேர்ந்து வெகு நாளாகியிருந்தது.

பூங்காவனம் கதவோரம் நின்று வானத்தை வைதுகொண்டிருந்தாள்.

"பெய்யி, நல்லாப் பெய்யி. உனக்கென்ன, பொன்னுதுரை கடையில உன் பேருலயா கடன் சீட்டு இருக்கு?"

உள்ளேயிருந்து நாகம்மா குரல் கொடுத்தாள். "மழையத் திட்டாதடி. அந்த வாய்க்கொழுப்புக்கே இன்னும் ரெண்டு நாள் சேத்துப் பெய்யும்."

"பெய்யட்டும் அண்ணி. இதுக்கு மேல நனைய நம்மகிட்ட என்ன இருக்கு?"

சொன்னதில் பொய்யில்லை. நாகம்மா அவளுக்கு நாத்தனார், புருஷன் ஏகாம்பரத்தின் மூத்த அக்காள். தாலியறுத்த பிறகு தம்பி வீடே கதி என்று வந்தவள். இரண்டு பேருக்கும் சேர்த்து வெளியே கட்டிப் போகும்படியான சேலை ஒன்றே ஒன்று, நீலத்தில் மஞ்சள் கட்டம் போட்டது. ஒருத்தி அதைக் கட்டிக்கொண்டு போனால் மற்றவள் சாக்கைப் பிரித்துத் தைத்ததைச் சுற்றிக்கொண்டு அடுப்படியில் கிடப்பாள். கைம்பெண் கலர்ச் சேலை கட்டலாமா என்றெல்லாம் யாரும் வாய் திறக்கவில்லை. வாய் திறந்தவள் வீட்டிலும் அதே கதிதான்.

அந்த வீட்டில் செலவைச் சுருக்கியது போல் வேறெங்கும் சுருக்கியிருக்க மாட்டார்கள். தீப்பெட்டி வாங்குவதில்லை. பக்கத்து வீட்டு அடுப்பிலிருந்து தேங்காய் மட்டையில் நெருப்பு வாங்கி வருவார்கள். விளக்கு கிடையாது, இருட்டினால் படுக்கை. சோப்புக்குப் பதில் சாம்பல். பங்கீட்டில் கிடைக்கும் கொஞ்சம் அரிசி அந்த வீட்டு அடுப்பைக் கண்ணால் பார்த்ததில்லை, வாங்கிய கையோடு பொன்னுதுரை கடைக்குப் போய்விடும். இவர்களுக்கு மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. அவித்தது, சுட்டது, மாவாக்கி ரொட்டி தட்டியது என்று பேருக்கு மூன்று வகை. தொட்டுக்கொள்ள ஓடைக்கரைக் கங்குங் கீரை. நாகம்மா உயிரை விட்டாலும் விடுவாள், வெற்றிலையை விடமாட்டாள் என்று ஊரே சொல்லும். அவளும் வெற்றிலையை விட்டுவிட்டுக் கொய்யாக் கொழுந்தை மென்றுகொண்டிருந்தாள்.

"இந்த எழவ மென்னா ஆடு மாதிரி ம்மேன்னு கத்தணும் போல இருக்குடி" என்பாள்.

"கத்துங்க. பால் குடுத்தா வித்துடலாம்" என்பாள் பூங்காவனம்.

இப்படிக் கடித்துக்கொண்டுதான் இருவரும் அந்த நாட்களைத் தள்ளினார்கள்.

கடன் வந்த கதை சின்னது. ஏகாம்பரம் மாட்டு வண்டிக்காரன். குருபோங் பக்கமிருந்து விறகும் கிழங்கும் ஏற்றி டவுனுக்குக் கொண்டுவருவான். ஜோடியில் ஒரு மாடு கோமாரியில் செத்தது. வேறு மாடு வாங்கப் பொன்னுதுரையிடம் போய் நின்றான். பொன்னுதுரை மளிகைக் கடைக்காரர், வட்டிக்கும் கொடுப்பவர். கொடுத்தார், ஆனால் ஒன்று சொன்னார்: "நோட்டுக் கணக்கு வேணாம்ப்பா. ஜப்பான்காரனோட இந்த வாழைமரம் போட்ட நோட்டு இன்னிக்கு ஒரு விலை, நாளைக்கு ஒரு விலை. அரிசிக் கணக்காப் போட்டுக்குவோம். முப்பது கந்தாங்."

ஏகாம்பரம் தலையாட்டிவிட்டு வந்தான். ஊரில் புத்திசாலிகளெல்லாம் பழைய கடனை அந்த மதிப்பில்லாத நோட்டைக் கட்டுக் கட்டாகக் கொண்டுபோய்க் கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த மனுஷன் அரிசியில் மாட்டிக்கொண்டு வந்தான். கந்தாங் என்பது என்ன பெரிய அளவு, மரத்தில் செய்த ஒரு படி. அந்தப் படி வருஷத்துக்கு வருஷம் மலையாகும் என்று அவனுக்குத் தெரியவில்லை. வாங்கிய மாடு நுகத்துக்குப் பழகுவதற்குள் பட்டாளத்துக்காரன் வந்து இரண்டு மாட்டையும் பிடித்துக்கொண்டு போனான். வண்டி கொல்லையில் நின்றது. பிறகு அதையும் உடைத்து விறகாக்கினார்கள்.

அப்புறந்தான் சயாம். அங்கே ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் எடுத்தான். மூன்று மாதம், நாளொன்றுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சோறு துணி உண்டு, முன்பணம் கையில். ஏகாம்பரம் கைநாட்டு வைத்தான். முன்பணத்தை அப்படியே பொன்னுதுரையிடம் கொடுத்தான். அரிசிக் கணக்கில் அது இரண்டு கந்தாங்குக்கு வந்தது. ஒரு ஆண்பிள்ளையின் விலை இரண்டு படி அரிசி! இதைச் சொல்லும்போது எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. மூன்று மாதம் என்று போனவன் போய் ஒன்றரை வருஷமாயிற்று. ஒரு வரி, ஒரு சேதி கிடையாது.

பூங்காவனம் உட்கார்ந்து அழவில்லை. கிளேபாங் கடற்கரைக்கு நடந்தாள். ஊரில் உப்புப் பஞ்சம், கடலிலோ உப்புக்குப் பஞ்சமில்லை. மண்ணெண்ணெய்த் தகரத்தைப் படுக்கைவாட்டில் வெட்டிச் சட்டியாக்கிக்கொண்டாள். கெத்தாபாங் மரத்தடியில் மூன்று கல் வைத்து, கரையில் ஒதுங்கிய கட்டைகளைப் பொறுக்கி எரித்து, கடல் தண்ணீரைக் காய்ச்சுவாள். தண்ணீர் சுண்டச் சுண்ட மேலும் ஊற்ற வேண்டும். புகையில் கண் சிவந்து தண்ணீர் கொட்டும். பொழுது சாயும்போது சட்டியடியில் சாம்பல் நிறத்தில் இரண்டு கை உப்பு நிற்கும். அதைப் பொன்னுதுரையிடம் கொண்டுபோனால் அரிசிக் கணக்கில் கழிப்பார். இப்படி உப்பிலும் பங்கீட்டு அரிசியிலுமாகக் கடனை இறக்கி இறக்கிப் பன்னிரண்டு கந்தாங்குக்குக் கொண்டுவந்திருந்தாள். பொம்பளை கெட்டிக்காரிதான். ஆனால் மழைக்கு முன்னால் கெட்டிக்காரத்தனம் என்ன செய்யும்? நனைந்த கட்டை எரியாது.

அந்த மழையில்தான் மகள் மல்லிகாவுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. எட்டு வயசுப் பெண். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிறவர் பார்த்துவிட்டு, "மருந்தெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. கிழங்கையே குடுக்காத. தவிட்டோட சோறு குடு, பச்சப்பயறு குடு" என்றார். தங்கத்தை உரசிக் கொடு என்று சொல்லியிருந்தாலும் ஒன்றுதான்.

நல்லையா வந்தது அந்த வாரத்தில். ஏகாம்பரத்தோடு ஒரே லோரியில் ஏறிச் சயாமுக்குப் போன வண்டிக்காரன். வாசலில் வந்து நின்றபோது யாரோ பிச்சைக்காரன் என்று பூங்காவனம் போகச் சொல்லிவிட்டாள். "தங்கச்சி" என்ற குரலைக் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள். ஆள் பாதியாகியிருந்தான். முழங்காலுக்குக் கீழே துணி சுற்றிய புண்.

"அண்ணே! வாங்கண்ணே, உள்ள வாங்க. அவரு எங்க? பின்னால வராரா?"

நல்லையா சுவரோரம் உட்கார்ந்தான். அன்றைக்குச் சேலை பூங்காவனத்தின் மேல் இருந்தது. நாகம்மா சாக்கோடு கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டே, "எந்தம்பி எங்கடா நல்லையா? சொல்லுடா" என்றாள்.

"தண்ணி குடுங்க மொதல்ல" என்றான்.

தண்ணீர் குடித்தான். அவித்த கிழங்கைக் கொடுத்தார்கள். தோலைக்கூட விடாமல் தின்றான்.

"தங்கச்சி, பொய் சொல்லி உன்ன ஏமாத்த எனக்கு மனசில்ல. முழுசாச் சொல்றதுக்கும் எங்கிட்ட ஒண்ணுமில்ல. மொத வருச மழையில எங்க கேம்புல வாந்திபேதி வந்திச்சி. காலையில மண்ணுச் சட்டி தூக்கினவன் சாயங்காலம் இல்ல. அப்படி. ஏகாம்பரத்துக்கும் கண்டிச்சி."

நாகம்மா கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"இருங்க அண்ணி, அவரு சொல்லட்டும். அப்புறம்?"

"ஆத்துக்கு அந்தக் கரையில ஒரு கொட்டாய். பேதி கண்டவங்கள அங்க கொண்டு போயிடுவானுங்க. அவனையும் தூக்கிட்டுப் போனானுங்க. நான் கரையில நின்னு பாத்தேன். கைய ஆட்டினான். என்னப் பாத்துத்தான் ஆட்டினானா, ஈ ஓட்டினானான்னு தெரியல. மறுநாள் எங்களக் கௌப்பி மேல் கேம்புக்கு நடக்க விட்டுட்டானுங்க. அதுக்கப்புறம் நான் அவனப் பாக்கல."

"அந்தக் கொட்டாய்க்குப் போயி யாராச்சும் திரும்பி வந்திருக்காங்களா?"

நல்லையா காலிலிருந்த துணியை இறுக்கிக் கட்டினான்.

"நான் ஒருத்தனையும் பாக்கல தங்கச்சி."

"செத்ததைப் பாத்தீங்களா?"

"அதையும் பாக்கல."

"அப்ப இருக்காரு" என்றாள் பூங்காவனம். சத்தமாகத்தான் சொன்னாள், ஆனால் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

சேதி சந்து முழுக்கப் பரவ எவ்வளவு நேரம்? மறுநாள் மழை சற்று விட்டபோது மிச்சமிருந்த கொஞ்சம் உப்பைக் கட்டிக்கொண்டு பூங்காவனம் கடைக்குப் போனாள். பொன்னுதுரை வழக்கம்போல் உப்பை நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. அப்படியே வாங்கி வைத்துக்கொண்டார்.

"உக்காரு தாயி."

"பரவாயில்ல மொதலாளி. எவ்வளவு கழிச்சீங்க?"

"அது கெடக்கட்டும். நல்லையா வந்தானாமே."

"வந்தாரு."

"எங்கப்பா காலத்துலேருந்து எங்க கடையில ஒரு வழக்கம் உண்டு, தெரியுமில்ல? போகியன்னிக்குப் பழசு பட்டையெல்லாம் கொளுத்துறப்ப செத்தவங்க சீட்டையும் அதுல போட்டுடுவோம். செத்தவன் கடன வசூல் பண்ணித் தின்னா வயித்துல தங்காது தாயி. என் வயசுக்கு நான் எத்தனையோ போட்டிருக்கேன்."

பூங்காவனம் உப்புக் கட்டி வந்த துணியை உதறி மடித்தாள்.

"ஆனா உசுரோட இருக்கிறவன் சீட்ட எரிச்சிட்டா அது அவனுக்கு ஆகாது. அந்தப் பாவம் எனக்கு வேணாம். அதான் கேக்குறேன். போகிக்கு உங்க வீட்டுல படையல் போடுவீங்க இல்ல? மாமனார், மாமியாருக்கு ரெண்டு இலை. இந்தத் தடவை மூணாவதா ஒரு இலை போட்டு, அவன் பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. நான் வந்து என் காதால கேட்டுட்டுப் போயிச் சீட்ட நெருப்புல போட்டுடுறேன். பன்னெண்டு கந்தாங்கும் தீந்திச்சி. பங்கீட்டு அரிசிய புள்ளைக்குப் பொங்கிப் போடு. கால் வீங்கிப் போச்சின்னு கேள்விப்பட்டேன்."

பாவி மனுஷன் கெட்டதாக ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டிவிட்டு வந்திருப்பாள்.

"யோசிச்சிச் சொல்றேன் மொதலாளி."

"யோசி. படையலுக்கு அரிசி இல்லேன்னா கால் கந்தாங் நான் தரேன். ஒரு துண்டு கருவாடும் தரேன். அவனுக்குக் கருவாடுன்னா உசுராச்சே."

வீட்டுக்கு வந்து சொன்னாள். நாகம்மா ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டாள்.

"போடுடி. எனக்குத் தெரியும், அவன் போயிட்டான். ரெண்டு மூணு தடவ கனவுல வந்து நின்னான். வயிறு ஒட்டிப்போயி நிக்கிறான். அக்கா பசிக்குதுன்றான். சின்னதுல அவனுக்கு நாந்தாண்டி சோறு ஊட்டினேன். எங்கம்மா ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போயிடும், இவன் இடுப்புலயே கெடப்பான்."

"நமக்கே பசி. பசியில தூங்கினா பசியிலதான் கனவு வரும் அண்ணி."

"அப்ப நான் சோத்துக்கு ஆசைப்பட்டுச் சொல்றன்றியா?"

"அப்படிச் சொன்னேனா நானு?"

"சொல்லு, சொல்லிடு! தம்பியத் தின்னுட்டுச் சோறு திங்கப் பாக்குறாள்னு சொல்லிடு. உம் புள்ள காலப் பாருடி. அதப் பாத்துட்டு அப்புறம் பேசு."

பூங்காவனம் எழுந்து வெளியே போனாள். மழையில் எங்கே போவது? பக்கத்து வீட்டுப் பாக்கியலட்சுமியின் அடுப்படிக்குப் போனாள்.

பாக்கியலட்சுமி மலாக்கா செட்டி வீட்டுப் பெண். பேர் தமிழ், கும்பிடுகிற சாமி தமிழ்ச் சாமி, பேச்சு மட்டும் மலாய். பூங்காவனத்துக்கும் அந்த மலாய் பழகிப்போய்விட்டது. இரண்டு பேரும் பேசியதை இங்கே தமிழில் எழுதுகிறேன். போகியன்று செத்தவர்களுக்குப் பர்ச்சு என்னும் படையல் வைப்பது செட்டிகள் குடியிருந்த அந்தக் கம்பத்தில் பெரிய காரியம். பொங்கல் கூட அதற்கப்புறந்தான். செத்தவர் ஒவ்வொருவருக்கும் பிடித்ததைச் சமைத்து இலை போட்டு, கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்திருப்பார்கள். அந்த வருஷம் தேங்காய்ப்பால் சோற்றுக்கு அரிசி இல்லை. மரவள்ளியைத் துருவி அரிசி மாதிரி உதிர்த்துக் காயவைத்துக்கொண்டிருந்தாள் பாக்கியலட்சுமி.

"என் மாமியார் இதைப் பார்த்தால் இலையைத் தூக்கி என் தலையிலேயே கவிழ்ப்பார்" என்றாள்.

பூங்காவனத்துக்குச் சிரிப்பு வரவில்லை. விஷயத்தைச் சொன்னாள்.

பாக்கியலட்சுமி துருவுவதை நிறுத்தினாள். "எங்களில் ஒரு பேச்சு உண்டு. உயிரோடு இருப்பவனுக்கு இங்கே இலை போட்டால், அங்கே அவன் சாப்பாடு நின்றுபோகும். இலை இங்கே வந்துவிட்டதே, அங்கே ஏது?"

"அப்ப போடக் கூடாது."

"இரு. செத்துப்போனவனுக்கு இலை போடாவிட்டால் அவன் அடுத்த வீட்டு வாசலில் வந்து நிற்பான். கூப்பிடாமல் உள்ளே வர முடியாது. மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பான்."

"இது என்னக்கா! போட்டாலும் குத்தம், போடலேன்னாலும் குத்தம்."

"ஆமாம். அதனால்தான் யாராவது செத்தால் நாங்கள் முகத்தைப் பார்க்க ஓடுகிறோம்" என்றாள் பாக்கியலட்சுமி. பிறகு ஒரு கை மாவை இலையில் கட்டிக் கொடுத்தாள். "பிள்ளைக்குக் களி கிண்டிக் கொடு."

போகிக்கு முன்தினம் மல்லிகாவால் எழுந்து நிற்க முடியவில்லை. கொல்லைக்குப் போக நாகம்மாதான் தூக்கிப் போனாள். மூச்சு வாங்கியது. "அம்மா, எனக்குக் கிழங்கு வேணாம்மா" என்று மட்டும் சொன்னது பிள்ளை. வேறு என்ன வேண்டும் என்று சொல்லவில்லை. கேட்டுக் கேட்டுப் பழகாத பிள்ளை.

பூங்காவனம் நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு பொன்னுதுரை கடைக்குப் போய் அரிசியையும் கருவாட்டையும் வாங்கிக்கொண்டு வந்தாள். வீட்டில் வந்து முறத்தில் கொட்டியபோது நாகம்மா அந்த அரிசியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

போகியன்று காலையிலும் மழைதான். பழையதைக் கொளுத்த யாரிடமும் பழையதுகூட மிச்சமில்லை. பொன்னுதுரை கடை வாசலில் மட்டும் தகரக் கூரைக்குக் கீழே கொஞ்சம் நெருப்புப் புகைந்துகொண்டிருந்தது. பூங்காவனம் சோறு வடித்தாள். சோறு வேகும் மணம் அந்த வீட்டில் அடித்து எத்தனை மாதமாயிற்று! மல்லிகா பாயில் படுத்தபடியே மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தாள். பூங்காவனம் கருவாட்டைத் தணலில் சுட்டாள். கஞ்சித் தண்ணீரைக் கீழே ஊற்றாமல் முதலில் பிள்ளைக்கு ஒரு கிண்ணம் கொடுத்தாள்.

"படைக்கிறதுக்கு முன்னாலயா?" என்றாள் நாகம்மா.

"செத்தவங்க கோச்சிக்க மாட்டாங்க. அவங்களுக்கு என்ன அவசரம்?"

நாகம்மா எங்கிருந்தோ நிப்பா ஓலையும் ஒரு சிட்டிகைப் புகையிலையும் தேடிப் பிடித்து ஒரு ரோக்கோ சுருட்டி வைத்திருந்தாள். ஏகாம்பரம் சாப்பிட்டதும் ரோக்கோ பிடிப்பான். சுவரோரம் மூன்று இலை போட்டார்கள். இரண்டு இலையில் ஒரு கவளம் சோறும் கீரையும். மூன்றாவதில் மட்டும் சோற்றைக் குவித்து, பக்கத்தில் கருவாடு, ஓரத்தில் ரோக்கோ. நாகம்மா சாக்கை அவிழ்த்துவிட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டாள். கூப்பிட வேண்டியவள் அவள்தானே. புருஷன் பேரைப் பூங்காவனம் சொல்லமாட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு தடவை சொன்னதில்லை. பங்கீட்டுக் கடையில் கேட்டபோதுகூட மல்லிகாவைத்தான் சொல்லவிட்டாள்.

குடையை மடக்கிக்கொண்டு பொன்னுதுரை வாசலில் வந்து நின்றார். கையில் சீட்டு. உள்ளே வரவில்லை. பூங்காவனம் சாக்குத் துணியோடு அடுப்பு மறைவில் நின்றாள்.

நாகம்மா கற்பூரத்துக்குப் பதில் ஒரு தணலை எடுத்துக் காட்டினாள். முதல் இலைக்கு முன்னால் நின்று, "அப்பா, வந்து சாப்பிடுப்பா" என்றாள். இரண்டாவது இலைக்கு, "அம்மா, வந்து சாப்பிடும்மா. இந்த வருசம் இவ்வளவுதாம்மா" என்றாள். மூன்றாவது இலைக்கு வந்தாள். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

"கூப்பிடும்மா" என்றார் பொன்னுதுரை.

நாகம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "தம்பி" என்றாள்.

"தம்பின்னா எந்தத் தம்பி? பேரச் சொல்லிக் கூப்பிடணும் தாயி."

"எனக்கு வாய் வரலைங்க. பூங்காவனம், நீ கூப்பிடுடி."

"நான் எப்படி அண்ணி கூப்பிடுவேன்?"

"என்னால ஆவலடி. நான்தான் போடுபோடுன்னேன். இப்ப கூப்பிட்டா வந்துடுவானோன்னு பயமா இருக்குடி. வந்துட்டா அப்புறம் இல்லேன்னு ஆயிடுமேடி!"

அவள் இலைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். மல்லிகா பயந்து எழுந்து உட்கார்ந்தாள். வெளியே மழை வலுத்தது. பொன்னுதுரைக்கும் சங்கடமாகத்தான் இருந்திருக்கும். வாசல் சாரலில் நனைந்துகொண்டு எவ்வளவு நேரம் நிற்பார்? அந்தக் குடும்பத்துக்கு ஒரு நல்லது செய்துவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்தார்.

"சரி, விடுங்க. யாரு கூப்பிட்டா என்ன. நானே கூப்பிடுறேன்" என்று ஒரு காலை வாசற்படியில் வைத்து, குரலை உயர்த்தினார். "ஏகாம்..."

"நிறுத்துங்க!"

பூங்காவனம் அடுப்பு மறைவிலிருந்து வந்துவிட்டாள். சாக்கு முழங்காலுக்குமேல் ஏறியிருந்தது, அவளுக்கு அந்த நினைப்பே இல்லை.

"மொதலாளி, நிறுத்துங்க. கடன் குடுத்தவரு நீங்க. கடன் வேணும்னு எத்தன தடவ வேணா இந்த வாசல்ல நின்னு அவரு பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. நான் வந்து பதில் சொல்றேன். இதுக்குக் கூப்பிடாதீங்க."

"உன் நல்லதுக்குத்தானம்மா..."

"தெரியும். தெரியாம இல்ல."

அவள் குனிந்து மூன்றாவது இலையை இரண்டு கையாலும் ஏந்தினாள். சோறு சரியாமல் நிதானமாகக் கொண்டுபோய் மல்லிகாவின் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடு."

பிள்ளை அத்தையைப் பார்த்தது, வாசலில் நின்றவரைப் பார்த்தது. "இது அப்பாவுக்குத்தானேம்மா?"

"அப்பாவுக்கு அங்க போடுவாங்க. நீ சாப்பிடு. முள்ளு இருக்கும், பாத்து."

மல்லிகா சாப்பிட ஆரம்பித்தாள். பூங்காவனம் நிமிர்ந்து பொன்னுதுரையைப் பார்த்தாள்.

"பன்னெண்டு கந்தாங். நேத்து வாங்கின கால் கந்தாங்கையும், கருவாட்டையும் சேத்துக்குங்க. ஆனா ஒண்ணு. இனிமே பங்கீட்டு அரிசியில பாதி புள்ளைக்கு. மீதிப் பாதிதான் உங்களுக்கு வரும். மழை விட்டா உப்பு கொண்டாறேன். அண்ணியும் வருவாங்க, இன்னொரு அடுப்பு வெப்போம்."

"நான் சாக்கக் கட்டிக்கிட்டே வரேன்" என்றாள் நாகம்மா, மூக்கைச் சிந்திக்கொண்டு. "கடலுக்கு என்ன, சேலை கட்டியிருக்கேனான்னா பாக்கப் போவுது?"

பொன்னுதுரை விரல் மடக்கிக் கணக்குப் போட்டார்.

"அப்படிப் பாத்தா அடுத்த போகி வரைக்கும் இழுக்கும் தாயி. அதுக்கு மேலயும் இழுக்கும்."

"இழுக்கட்டும்."

"ஒருவேளை அவன் வரவே இல்லேன்னா?"

பூங்காவனத்துக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்கவும் இல்லை.

"கடன் இருக்கிற வரைக்கும் அவரு இருக்காரு மொதலாளி. சீட்டு அவரு பேருலயே இருக்கட்டும்."

பொன்னுதுரை சீட்டை மடியில் செருகிக்கொண்டு, குடையை விரித்துச் சேற்றில் இறங்கினார்.